விடை கூறாத செயற்கூறு

வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பகுத்துக் காட்டினார் நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர். சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பன அவ்வெட்டு விடைகள். இவற்றுள் முதல் மூன்றும் வினாவிற்கு நேரே இறுக்கப்படுவன. ஏனைய ஐந்தும் குறிப்பினால் பொருளுணர்த்துவன. குறிப்பாகக் கூறுவதையும் விடையென்று ஏற்றுக்கொண்ட இலக்கண நூலார், ஒன்றும் கூறாது வாளா இருப்பதை அவ்வெட்டனுள் ஒன்றாக வைக்கவில்லை.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் அடிக்கடி சந்திக்கும் ஓர் எச்சரிக்கை இவ்வுண்மையையே வேறொரு வகையில் எடுத்துரைக்கின்றது. “விடை தருவதாகச் சொன்ன செயற்கூறு, விடை தராமலே முடிந்துவிடக் கூடும்” என்பதே அவ்வெச்சரிக்கையின் சாரம். பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இதனைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வேறு சிலர் அதன் வாயை அடைப்பதற்காக ஏதேனும் ஓர் எண்ணை எழுதிவிட்டு மேலே செல்வர். இவ்விரண்டாம் செயல் முதற் செயலினும் தீயது. அஃது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செயற்கூறு என்பது யாது?

கணிப்பொறி ஆற்றவேண்டிய பணியை முறைப்பட எழுதிய கட்டளைத் தொடரே நிரல். மனிதர் படித்தறியும் வடிவில் எழுதப்பட்ட நிரலைப் பொறி நேரே அறிந்துகொள்ளாது. அதனைப் பொறியின் மொழிக்கு மாற்றித் தரும் மற்றொரு நிரலுக்குக் கம்பைலர் என்று பெயர். தமிழில் நிரல்பெயர்ப்பி என்பர்.

பெரிய நிரல் ஒன்றை ஒரே மூச்சில் எழுதுவது இயலாது. ஆதலின் அதனைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு பெயரும் ஒரு வேலையும் கொடுப்பர். அப்பகுதியே செயற்கூறு. ஒரு செயற்கூறு மற்றொன்றை அழைக்கும். அழைக்கப்பட்டது தன் வேலையை முடித்து, கண்டறிந்த மதிப்பை அழைத்ததனிடம் திருப்பித் தரும். அவ்வாறு திருப்பித் தரும் மதிப்பைச் சுருக்கமாக விடை என்றே இங்குக் குறிக்கலாம்.

எல்லாச் செயற்கூறுகளும் விடை தருவன அல்ல. “கதவைச் சாத்து” என்பது ஏவல். செய்து முடித்தால் போதும். “எத்தனை மாணவர் வந்துள்ளனர்?” என்பது வினா, எண்ணிக்கை வந்தே ஆகவேண்டும். சி என்னும் நிரல்மொழியில் இவ்வேறுபாட்டைச் செயற்கூற்றின் தலைப்பிலேயே எழுதிவிடுவர். முழு எண்ணை விடையாகத் தருவது எனில் ‘இன்ட்’ என்றும், ஒன்றும் தராதது எனில் ‘வாய்டு’ என்றும் முற்படக் குறிப்பது மரபு. எனவே ‘இன்ட்’ என்ற அச்சிறு சொல் ஓர் அலங்காரம் அன்று. “அழைப்பவர்க்கு நான் ஓர் எண்ணைத் தருவேன்” என்ற வாக்குறுதி அது. வாக்குறுதி நிறைவேறாத இடத்தைச் சுட்டிக் காட்டுவதே கம்பைலரின் எச்சரிக்கை.

மறந்துபோன மாணவன்

மதிப்பெண்ணைப் பெற்றுக்கொண்டு தரத்தைத் திருப்பித் தரும் செயற்கூறு ஒன்றைத் தமிழிலேயே எழுதிப் பார்க்கலாம்:

முழுஎண் தரம் (மதிப்பெண்)
மதிப்பெண் 80 அல்லது அதற்கு மேல் எனில், தருக 1
மதிப்பெண் 60 அல்லது அதற்கு மேல் எனில், தருக 2
மதிப்பெண் 40 அல்லது அதற்கு மேல் எனில், தருக 3
முற்றும்

85 பெற்றவனுக்கு 1 என்று விடை வரும். 62 பெற்றவனுக்கு 2; 47 பெற்றவனுக்கு 3. 31 பெற்ற மாணவனுக்கு என்ன விடை? மூன்று நிபந்தனைகளுள் எதுவும் அவனுக்குப் பொருந்தவில்லை. அவன் மூன்று வாயில்களையும் கடந்து, ‘முற்றும்’ என்ற சொல்லின்மேல் வந்து விழுகிறான். அவனுக்குச் சொல்லவேண்டியது யாது என்பதை நிரல் எழுதியவர் மறந்துவிட்டார். கம்பைலர் மறக்கவில்லை. ‘விடை தரவேண்டிய செயற்கூற்றின் இறுதியை நிரலோட்டம் அடையக்கூடும்’ என்ற கருத்துப்பட எச்சரிக்கிறது.

இக்குறை மூன்று வடிவங்களில் காணப்படும். செயற்கூற்றில் ‘தருக’ என்னும் கட்டளையே அறவே இல்லாதிருத்தல் ஒன்று. ‘தருக’ என்று எழுதிவிட்டு எதைத் தருவது என்று எழுதாது விடுத்தல் இரண்டாவது. சில வழிகளில் விடை தந்து, சில வழிகளில் தராது விடுத்தல் மூன்றாவது. முதல் இரண்டும் கண்ணுக்கு எளிதிற் புலப்படும். மூன்றாவதே வஞ்சகமானது, ஏனெனில், பழகிய உதாரணங்களைக் கொடுத்துச் சோதிக்கும்போது எல்லாம் சரியாகவே இருப்பதுபோல் தோன்றும்.

அழிக்கப்படாத கரும்பலகை

விடை தராவிட்டால் என்ன நிகழும்? ஒன்றும் வராது என்றோ, சுழியம் வரும் என்றோ பலர் எண்ணுகின்றனர். இரண்டும் உண்மையல்ல.

கணிப்பொறியின் மையச் செயலகத்தில் பதிவகங்கள் எனப்படும் சில சிறு இடங்கள் உண்டு. கணக்கிடும்போது எண்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள அவை பயன்படும். இக்காலத்து மேசைக் கணிப்பொறிகள் பலவற்றிலுள்ள 64 பிட் இன்டெல் வகைச் செயலகங்களில், செயற்கூறு தரும் முழு எண் விடையை ஆர்.ஏ.எக்ஸ். என்னும் பதிவகத்தில் வைத்துச் செல்லவேண்டும் என்பது உடன்பாடு. கைப்பேசிகளில் உள்ள 64 பிட் ஆர்ம் வகைச் செயலகங்களில் எக்ஸ் சுழியம் என்னும் பதிவகம் அவ்வேலையைச் செய்கிறது. அழைத்த செயற்கூறு அந்த இடத்தைச் சென்று பார்க்கும். அங்கிருப்பதை விடையென்று எடுத்துக்கொள்ளும். “இஃது எனக்காக வைக்கப்பட்டதா?” என்று அது கேட்பதில்லை, கேட்பதற்கு வழியும் இல்லை.

ஒரு வகுப்பறையை எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் செல்லுமாறு ஆசிரியர் ஒரு மாணவனைப் பணிக்கிறார். அவன் ஒன்றும் எழுதாமலே போய்விடுகிறான். பலகையிலோ முன் பாடவேளையில் போட்ட கணக்கின் மிச்சமாக 56 என்ற எண் அழிக்கப்படாமல் இருக்கிறது. பின்னர் வந்து பார்ப்பவர் 56ஐயே விடையென்று குறித்துக்கொள்வார். பலகை பொய் சொல்லவில்லை. மாணவனும் பொய் சொல்லவில்லை. ஆயினும் குறிப்பேட்டில் பொய் ஏறிவிட்டது.

இதனினும் விந்தையான ஒன்று உண்டு. சில சமயங்களில் பலகையில் எஞ்சியிருப்பது சரியான விடையாகவே இருந்துவிடும். செயற்கூறு கடைசியாகப் போட்ட கணக்கின் விடை, தற்செயலாக அதே பதிவகத்தில் தங்கியிருக்கலாம். அப்போது ‘தருக’ என்ற கட்டளை இல்லாமலே நிரல் சரியாக நடக்கும். எழுதியவர் எச்சரிக்கையை எள்ளி நகையாடுவார். பின்னர் ஒருநாள், நிரலை விரைவுபடுத்தும் பொருட்டுக் கம்பைலரின் செம்மையாக்க வசதியை அவர் இயக்குவார். அல்லது வேறொரு பொறிக்கு அந்நிரலைக் கொண்டுசெல்வார். பதிவகங்களின் பயன்பாடு மாறிவிடும். நேற்றுவரை ஒழுங்காக நடந்த நிரல் இன்று பிதற்றத் தொடங்கும். ஓர் எழுத்தையும் மாற்றவில்லையே என்று அவர் திகைப்பார். மாறியது நிரல் அன்று. அது சார்ந்திருந்த தற்செயலே மாறிவிட்டது.

சி மொழியின் வழிவந்த சி பிளஸ் பிளஸ் மொழியில் நிலைமை இன்னும் கடுமையானது. சி மொழியின் தரநூல்படி, விடை வராத செயற்கூற்றின் விடையை அழைத்தவர் பயன்படுத்தினாற்றான் குற்றம். சி பிளஸ் பிளஸ் மொழியிலோ விடையின்றி இறுதியை அடைவதே குற்றம். அதன்பின் நிகழ்வது எதுவாயினும் தரநூல் பொறுப்பேற்பதில்லை. ஆகவே அத்தகைய வழி ஒருபோதும் நிகழாது என்று கம்பைலர் கருதிக்கொண்டு, அவ்விடத்தில் திரும்பிச் செல்லும் கட்டளையையே எழுதாது விட்டுவிடலாம். அவ்வாறு விடப்பட்ட நிரல், நினைவகத்தில் அடுத்து வைக்கப்பட்டுள்ள தொடர்பற்ற செயற்கூற்றுக்குள் நழுவி விழுவதும் உண்டு.

இக்குறை வந்த வரலாறு

ஃபோர்ட்ரான் மொழியின் 1958ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே, விடை தரும் பகுதிக்கு ஒரு பெயரும் வேலை மட்டும் செய்யும் பகுதிக்கு மற்றொரு பெயரும் இருந்தன. 1970இல் நிக்லாஸ் விர்த் வெளியிட்ட பாஸ்கல் மொழியும் இவ்விரண்டையும் தனித்தனியே வைத்தது. பின்வந்த சி மொழியில் இவ்வேறுபாடு மங்கியது எவ்வாறு?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில், 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கினார். அதற்கு முன்னோடியாக அமைந்தது கென் தாம்சன் அமைத்த பி என்னும் மொழி. அதில் மதிப்புகளுக்கு வகை என்பதே இல்லை. யாவும் பொறியின் ஒரு சொல்லளவு கொண்ட எண்களே. அதன் வாரிசாகிய சி மொழியில் வகைகள் புகுந்தபோதும் பழைய பழக்கம் முற்றும் நீங்கவில்லை. வகை குறிக்கப்படாத செயற்கூறு முழு எண் தருவதாகவே கொள்ளப்பட்டது. 1978இல் பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் எழுதி வெளியிட்ட சி மொழி நூலின் முதற் பதிப்பில் ‘வாய்டு’ என்ற சொல் இல்லை. ஆகவே ஒன்றும் தராத செயற்கூறும் ஓர் எண்ணைத் தருவதாகச் சொல்லிக்கொண்டே தராமல் இருந்தது. அதனைக் குற்றமென்று கூறினால் அன்றிருந்த நிரல்களிற் பலவும் குற்றவாளிகளாகியிருக்கும்.

குறையை உணர்ந்தோரும் அன்றே இருந்தனர். அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஜான்சன், லின்ட் என்னும் சோதனைக் கருவியை ஆக்கினார். துணியில் ஒட்டிக்கொள்ளும் நூல்துகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே அது. நிரலில் ஒட்டியிருக்கும் சிறு தூசுகளைப் பொறுக்கி எடுப்பது அதன் தொழில். ஒரே செயற்கூறு ஓரிடத்தில் விடையோடும் மற்றோரிடத்தில் வெறுங்கையோடும் திரும்புமாயின் லின்ட் அதனைச் சுட்டிக் காட்டியது. இன்றைய எச்சரிக்கையின் மூதாதை அதுவே எனலாம்.

1989ஆம் ஆண்டு அமெரிக்கத் தரநூல் ‘வாய்டு’ என்னும் சொல்லுக்கு நிலையான இடம் தந்தது. 1999ஆம் ஆண்டுத் தரநூல், வகை குறியாமல் விடும் பழக்கத்தை நீக்கியது. விடை தரவேண்டிய செயற்கூற்றில் வெறுங்கையோடு ‘தருக’ என்று எழுதுவதையும் விலக்கியது. ஜி.சி.சி. என்னும் புகழ்பெற்ற கம்பைலர், 2018இல் வெளிவந்த 8ஆம் பதிப்பு முதல், சி பிளஸ் பிளஸ் நிரல்களில் கேளாமலே இவ்வெச்சரிக்கையை வழங்குகிறது. 2024இல் வெளிவந்த அதன் 14ஆம் பதிப்பு, சி நிரலில் வெறுங்கையோடு திரும்புவதை எச்சரிக்கை என்ற நிலையிலிருந்து பிழை என்ற நிலைக்கு உயர்த்திற்று. ஒரு தளர்ச்சி நீங்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. நிரல் தொடங்கும் இடமாகிய ‘மெயின்’ என்னும் தலைமைச் செயற்கூறு, 1999ஆம் ஆண்டுத் தரநூலின்படி, விடையின்றி முடியினும் சுழியத்தைத் தந்ததாகவே கொள்ளப்படும். இச்சலுகை தலைமைக்கு மட்டுமே உரியது. மற்றவை அதனைப் பின்பற்ற முடியாது.

பிழை என்னாது எச்சரிக்கை என்பது ஏன்?

குற்றம் என்று தெரிந்தும் கம்பைலர் ஏன் எச்சரிப்பதோடு நின்றுவிடுகிறது என்ற ஐயம் எழலாம். ஒரு நிரல் ஓடும்போது குறித்த ஓரிடத்தை உண்மையிலேயே அடையுமா என்பதை, நிரலைப் படித்த மாத்திரத்தில் எல்லா நிரல்களுக்கும் பொதுவாக முடிவுசெய்யும் வழி இல்லை. நிரல் நிற்குமா நில்லாதா என்பது பற்றி ஆலன் டூரிங் 1936இல் நிறுவிய முடிவின் பயன் இது. ஆதலின் கம்பைலர் “அடையும்” என்று அறுதியிட்டுக் கூறாது, “அடையக்கூடும்” என்று ஐயத்தோடு கூறுகிறது. 1995இல் வெளிவந்த ஜாவா மொழி இதற்கு வேறு வழி கண்டது. உண்மையில் அடையுமா என்று ஆராயாமல், எளிய சில விதிகளைக் கொண்டு பார்த்து, விடையின்றி முடியும் வழி இருப்பதாகத் தோன்றினாலே நிரலை ஏற்க மறுத்துவிடும். சில வேளைகளில் அது வேண்டாத கண்டிப்பாக இருக்கலாம். ஆயினும் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு எழுதுபவரிடமே இருக்கவேண்டும் என்பது அம்மொழியின் கொள்கை.

முறையான மருந்துகள்

எச்சரிக்கை வந்தவுடன் கேட்கவேண்டிய வினா ஒன்றே: “இவ்வழியே வருபவனுக்கு இச்செயற்கூறு சொல்லவேண்டியது யாது?” அவ்வினாவிற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்து மருந்தும் நான்கு வகைப்படும்.

முதலாவது, “சொல்லவேண்டியது எதுவும் இல்லை” என்பது. செயற்கூறு வேலை செய்வதற்கு மட்டுமே உரியது. பழக்கத்தினால் ‘இன்ட்’ என்று எழுதப்பட்டுவிட்டது. அவ்வாறாயின் தலைப்பை ‘வாய்டு’ என்று மாற்றுதலே தக்கது. இதனால் மற்றொரு பயனும் உண்டு. எங்கேனும் ஒருவர் அச்செயற்கூற்றின் விடையை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், மாற்றிய உடனே கம்பைலர் அவரைப் பிழையென்று பிடித்துக் காட்டிவிடும். அதுவரை அவர் பழைய கரும்பலகையைப் படித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் வெளிப்படும்.

இரண்டாவது, “சொல்லவேண்டியது உண்டு, மறந்துவிட்டது” என்பது. மேலே கண்ட 31 மதிப்பெண் மாணவன் இவ்வகை. அவனுக்குரிய தரம் 4 என்று பள்ளியின் விதி கூறுமாயின், இறுதியில் ‘தருக 4’ என்று சேர்த்தல் வேண்டும். விடையைத் தருவது விதியே. கம்பைலரின் மனநிறைவு அன்று.

மூன்றாவது, “இவ்வழியே எவரும் வருதல் இயலாது” என்பது. தமிழ், மலாய், ஆங்கிலம், கணிதம் என்னும் நான்கு பாடங்களை மட்டும் எண்ணுப்பெயர் வகையாக அறிவித்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு விடை எழுதியிருந்தால், ஐந்தாவது வழி இல்லையென்றே தோன்றும். அப்போதும் இறுதியில் நிரலை உடனே நிறுத்தும் ‘அபார்ட்’ என்னும் கட்டளையை எழுதிவைத்தல் நன்று. நான்கு பாடங்களின் கிளைகளுக்குள்ளே ‘மற்றவை’ என்ற பொதுக்கிளையைச் சேர்க்காமல், கிளைகள் யாவும் முடிந்தபின் அதனை எழுதுவது சிறப்பு. பின்னாளில் அறிவியல் என்ற ஐந்தாம் பாடம் சேர்க்கப்படும்போது, அதற்குக் கிளை இல்லை என்பதைக் கம்பைலர் தானே எடுத்துக்காட்டும். பொதுக்கிளை இருந்தாலோ அவ்வெச்சரிக்கை பெரும்பாலும் அடங்கிவிடும். இவ்விடத்தில் ‘இவ்வழி அடையப்படாது’ என்று கம்பைலருக்கு உறுதிமொழி கொடுக்கும் வசதியும் உண்டு. அவ்வுறுதி பொய்த்துப் போயின் விளைவு முன்னதினும் கேடாகும். ஆகவே அதனை ஐயமற அறிந்தாலன்றிக் கையாளுதல் கூடாது.

நான்காவது, “இறுதியில் அழைக்கப்படும் துணைச் செயற்கூறு திரும்பி வருவதே இல்லை” என்பது. பிழைச் செய்தியை அச்சிட்டு நிரலையே முடித்துவைக்கும் துணைச் செயற்கூறுகள் உண்டு. அவை திரும்பா என்பது கம்பைலருக்குத் தெரியாமற் போகலாம். 2011ஆம் ஆண்டுத் தரநூல், ‘திரும்பாதது’ என்று அவற்றின் தலைப்பிலேயே குறித்துவைக்க வழி செய்தது. அதனைக் குறித்துவிட்டால் வீண் எச்சரிக்கை தானே அடங்கும். இங்கும் உண்மையைச் சொல்லியே எச்சரிக்கை நீக்கப்படுகிறது.

வராதவனுக்குச் சுழியமா?

இந்நான்கையும் ஆராயாமல் பலர் கையாளும் ஐந்தாவது வழி ஒன்று உண்டு. செயற்கூற்றின் இறுதியில் ‘தருக 0’ என்று எழுதிவிடுவதே அது. எச்சரிக்கை உடனே மறைந்துவிடும். குறை மறைந்ததா?

தேர்வுக்கு வராத மாணவனுக்கு மதிப்பெண் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று குறிப்பதே முறை. கட்டம் வெறுமையாக இருப்பது அழகாக இல்லை என்று கருதி 0 என்று எழுதிவிட்டால், அவன் தேர்வெழுதி ஒன்றுமறியாதவன் என்று ஆகிவிடுகிறது. வகுப்பின் சராசரி குறைகிறது; அவனுக்கு மறுதேர்வு வைக்கவேண்டும் என்பதும் எவர்க்கும் தோன்றாது. வெறுமையான கட்டம் பார்ப்போரைக் கேள்வி கேட்கவாவது செய்யும். நிரப்பப்பட்ட பொய்யோ கேள்வியையே இல்லாமற் செய்துவிடும். ‘தருக 0’ என்பதும் இத்தகையதே. எச்சரிக்கை இருந்தவரை குறை இருக்கும் இடம் தெரிந்தது. இப்போது அதுவும் தெரியாது.

விடையின் பொருளை வரையறுக்காது எதையேனும் திருப்பித் தருவதனால் விளையும் தீமைக்கு 2014ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்று பகரும். இணையத்தில் செய்திகளை மறைகுறியாக்கிப் பாதுகாக்கும் க்னூ டி.எல்.எஸ். என்னும் நிரல் தொகுதியில் ஒரு செயற்கூறு இருந்தது. ஒரு சான்றிதழை வழங்கியவர் அதனை வழங்கும் உரிமை பெற்றவரா என்று அது ஆராயும். ஆம் எனில் 1, இல்லை எனில் 0 என்பதே அழைத்தவர் எதிர்பார்த்த விடை. ஆராயும்போது இடையில் தடை ஏற்பட்டால், அதே செயற்கூறு, தடையைக் குறிக்கும் எதிர்மறை எண் ஒன்றைத் திருப்பித் தந்தது. சி மொழியில் சுழியம் அல்லாத எந்த எண்ணும் ‘ஆம்’ என்றே கொள்ளப்படும். ஆகவே “என்னால் ஆராய முடியவில்லை” என்ற விடை, “ஆம், உரிமை பெற்றவரே” என்று படிக்கப்பட்டது. சூழ்ச்சியாக அமைக்கப்பட்ட போலிச் சான்றிதழ் உண்மையானதாக ஏற்கப்படும் நிலை பல ஆண்டுகள் மறைந்து கிடந்தது. 2014 மார்ச்சில் அது வெளியிடப்பட்டுத் திருத்தப்பட்டது. தடை ஏற்பட்ட வழியில் விடையைச் சுழியமாக்குதலே திருத்தத்தின் உயிர்நிலை. 2009 சனவரியில் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மற்றொரு தொகுதியில் அறிவிக்கப்பட்ட குறையும் இதனை ஒத்ததே; பிழையைக் குறிக்கும் கழித்தல் 1 என்ற விடை, சில இடங்களில் கையொப்பம் செல்லும் என்பதாகக் கொள்ளப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் எல்லா வழிகளிலும் ஏதோ ஒரு விடை வந்தது என்பதை உற்றுநோக்க வேண்டும். ஆகவே எச்சரிக்கை எழவில்லை. விடை இல்லாமையைக் கம்பைலர் கண்டுபிடிக்கும். விடை தவறானது என்பதை அது கண்டுபிடிக்காது. ஆராயாமல் ‘தருக 0’ என்று எழுதுபவர், கம்பைலர் காணக்கூடிய குறை ஒன்றை அது காணமுடியாத குறையாக மாற்றிவைக்கிறார். க்னூ டி.எல்.எஸ். தொகுதியில் சுழியம் சரியான மருந்தாயிற்று. ஏனெனில் அங்கு அதன் பொருள் ‘நம்பாதே’ என்பது. வேற்றுச் செயற்கூறு பலவற்றில் சுழியம் என்பது ‘வெற்றி’ என்று பொருள்படும். அங்கு அதே சுழியம் நஞ்சாகும். எண்ணுக்குத் தனிப்பொருள் இல்லை. அழைத்தவர் கேட்ட வினாவே அதற்குப் பொருள் தருகிறது.

‘விடை உண்டு’, ‘விடை காண முடியவில்லை’ என்னும் இரண்டையும் ஒரே எண்ணில் திணிக்காது தனித்தனியே தெரிவிப்பதே பாதுகாப்பான நெறி. 2015இல் முதற் பதிப்பு வெளிவந்த ரஸ்ட் என்னும் மொழியில் இதற்கென்றே ஒரு வகை உண்டு. ‘உளது’, ‘இலது’ என்னும் இரு நிலைகளுள் எது என்று நோக்கிய பின்னரே உள்ளிருக்கும் மதிப்பைக் கையாளும்படி அது நிரல் எழுதுவோரைப் பழக்குகிறது.

கற்பிப்போர் கருதவேண்டியது

நிரல் எழுதப் பயிலும் மாணவர்க்கு முதல் நாளிலேயே எச்சரிக்கைகளை இயக்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை ஊட்டுதல் வேண்டும். ஜி.சி.சி., கிளாங் ஆகிய கம்பைலர்களில் ‘டபிள்யூ ஆல்’ என்னும் குறியைக் கட்டளையோடு சேர்த்தால், இவ்வெச்சரிக்கையும் இதனோடொத்த பிறவும் வெளிப்படும். ‘டபிள்யூ எரர்’ என்பதைச் சேர்த்தால் எச்சரிக்கைகள் பிழைகளாகவே கருதப்பட்டு, அவை தீர்க்கப்படும்வரை நிரல் உருவாகாது. தொடக்கத்தில் இது சுமையாகத் தோன்றும். நாளடைவில் நல்ல கையெழுத்தைப்போல் இயல்பாகிவிடும்.

எச்சரிக்கை நீங்கிவிட்டதா என்று மட்டும் மாணவனைக் கேட்டல் போதாது. அவ்வழியே வருபவனுக்கு என்ன விடை கூறினாய், அவ்விடை ஏன் என்று கேட்டல் வேண்டும். ‘கம்பைலர் கேட்டது, எழுதிவிட்டேன்’ என்ற பதில் வருமாயின் வேலை முடியவில்லை என்பதே பொருள். ‘40க்குக் கீழ் பெற்றவனுக்கு நான்காம் தரம்; வராதவனைத் தனியே குறித்தேன்’ என்று சொல்லத் தெரிந்தவனே நிரலை உணர்ந்து எழுதியவன் ஆவான்.

எளிதாகத் தேறுபவர்க்கு எந்த நிரலும் விடை தந்துவிடும். வரிசையின் கடைசியில் நிற்பவனுக்கும், வராதவனுக்கும், எதிர்பாராது வந்து சேர்பவனுக்கும் விடை எழுதப்பட்டுள்ளதா என்பதைக் கொண்டே நிரலின் நேர்மை அறியப்படும். அவர்கள் மறக்கப்பட்ட இடத்தில் கம்பைலர் விரல் நீட்டுகிறது. அந்த விரலை மடக்கிவிடுவது எளிது. அது காட்டும் இடத்தில் உண்மையான விடையை எழுதுவதே கடமையாகும்.